குதிரை இல்லாத வீட்டில் ஐந்து சேணங்கள்

எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. ஜட்கா வண்டிக் குதிரை பக்கத்தில் வந்து தலையை ஆட்டினால்கூட இரண்டடி தள்ளி நிற்பேன். ஆனாலும் இருபத்தேழு வயதிலிருந்து ஐந்து வருஷம், பழைய காலத்து ராணுவ அதிகாரிகளின் குதிரைச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்தேன். சேணம், ஏறிக் கால் ஊன்றும் அங்கவடி, கடிவாளம், சேணத்துக்குக் கீழே விரிக்கும் சரிகைக்கரைக் கம்பளி, சேணத்தின் முன்பக்கம் இரண்டு புறமும் தொங்கும் கைத்துப்பாக்கி உறைகள். ஏன் என்று கேட்டவர்களுக்கு என்னால் ஒருநாளும் நேரான பதில் சொல்ல முடிந்ததில்லை.

ஆரம்பம் என்னவோ என் சைக்கிளில்தான். சீட்டுத் தோல் கிழிந்துவிட்டதென்று மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை போகிற சாலையில் இருந்த ஒரு பாய் கடைக்குப் போனேன். ஜட்கா வண்டிகளுக்கு வார் தைக்கிறவர். அவர் என் சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தபோது சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு அங்கவடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கால் வைக்கிற இடத்தில் வெளிப்பக்கம் மட்டும் இரும்பு பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஏதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி, என் கொள்ளுப்பாட்டனார் காலத்து ஆளாக இருக்கலாம், பாதத்தைச் சாய்த்து ஊன்றுகிற பழக்கம் உள்ளவர். அவருடைய பெயர் தெரியாது, முகம் தெரியாது, கால் ஊன்றிய விதம் மட்டும் இரும்பில் இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. பாய் அதைச் சும்மாவே கொடுத்தார்.

அப்போது நாங்கள் மாம்பலத்தில் குடியிருந்தோம். ஏரியைத் தூர்த்துப் புதிதாக மனை போட்டிருந்த வீதி. மழை பெய்தால் தவளைகள் ஏரி இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கத்தும். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். நான் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மாட்டுத்தோல் வீட்டுக்குள் வருவது அவளுக்குச் சம்மதமில்லை. சண்டை போடாமல் ஒரு சட்டம் போட்டாள்.

"தோலெல்லாம் வாசல் ரூமோட சரி. அதைத் தொட்டா கிணத்தடியில கை கால் அலம்பிண்டுதான் உள்ளே வரணும். என் விளக்கெண்ணெய்ப் புட்டியை அதுக்கு எடுக்கப்படாது."

பாய்க்கும் ஒரு சட்டம் இருந்தது. முதன்முதலாக ஒரு முழுச் சேணத்தை அவரிடம் பழுது பார்க்கக் கொண்டுபோனபோது கையை இழுத்துக்கொண்டார். "ஐயரே, குந்துற எடம் பன்னித்தோலு. நான் தொடமாட்டேன். வாரு, உறை இதெல்லாம் குடுங்க, தச்சுத் தர்றேன்." இப்படி இரண்டு பேருடைய ஆசாரத்துக்கும் நடுவில் என் சேகரம் வளர்ந்தது. நான்கு சேணங்கள் ஆயின.

ஐந்தாவது அடையாற்றங்கரையில் ஒரு தோட்ட பங்களாவில் கிடைத்தது. குடியிருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்புகிறார் என்று சாமான்களை ஏலம் போட்டார்கள். கூட்டமெல்லாம் அலமாரிகளையும் பியானோவையும் சுற்றி நின்றது. லாயத்தின் மூலையில், பாட்டனார் காலத்துச் சேணம் ஒன்று முழு ஜோடனையோடு கிடந்தது. முன்பக்கத்து உறைகள் இரண்டுக்கும் கரடித்தோல் மூடி. நான் அதுவரை படத்தில்தான் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தேன். ஏலக்காரர் கூவியபோது என்னைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. ஜட்காவில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் அதன் மேல் கையை வைத்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

உப்புக்காகக் கடற்கரையில் தடியடி நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. கள்ளுக்கடை மறியல், சீமைத்துணிக் கடை மறியல் என்று தினமும் யாராவது பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே அதிகாரிகளைச் சுட்ட செய்திகளும் பத்திரிகையில் வரும். எங்கள் ஆபீஸில் பத்திரிகையை விரித்துப் படிக்கவே யோசிப்போம். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் எதைப் படிக்கும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்கிறான் என்று பார்ப்பதற்கென்றே சிலர் இருந்தார்கள்.

ஏலத்துக்கு அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் உறைகளைத் துடைக்க உட்கார்ந்தேன். வடிவம் கெடாமல் இருப்பதற்காக உள்ளே வைக்கோலையும் பழைய காகிதத்தையும் அடைத்திருந்தார்கள். இடது உறை காலியாயிற்று. வலது உறையில் வைக்கோலை எடுத்த பிறகும் கனம் குறையவில்லை. முழங்கை வரை கையை விட்டேன். அடியில் ஜில்லென்று ஏதோ பட்டது.

வெளியே எடுத்தால் ஒரு கைத்துப்பாக்கி. பிடியின் மரம் செல்லரித்துப் பொடியாக உதிர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்குத் துருவேறிய குழலும், அதன் பக்கத்தில் சுத்தியல்போல வளைந்த விசையும் மட்டும் மிச்சம். வாசல் கதவு திறந்திருந்தது. நான் அதை மடியில் போட்டு வேட்டியால் மூடிக்கொண்டேன்.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பழையதா புதியதா என்று சட்டம் பார்க்குமா என்பதுதான் தெரியாது. உடனே எடுத்துக்கொண்டுபோய் ஒப்படைத்திருக்க வேண்டும். எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டில் ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் குடியிருந்தார். முப்பது தப்படி நடந்தால் போதும். ஆனால் அந்த முப்பது தப்படிக்குள் என் மனசு ஆபீஸ், விசாரணை, சஸ்பெண்ட், ஜெயில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, வெந்நீர் அறையில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் ஒரு துணியில் சுற்றி வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது சப்-இன்ஸ்பெக்டர் எதிரே வந்தார். என் பைத்தியம் அந்த வீதிக்கே தெரியும்.

"என்ன சார், அடையாத்துலேருந்து பெரிய சாமானா இறங்கிச்சே? ஒருநாள் வந்து பாக்கணும்."

"வாங்களேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஆபீஸில் ஒரு வரி ஓடவில்லை. பதினோரு மணி இருக்கும், பக்கத்து மேஜைக்காரர் சிகரெட்டுக்கு நெருப்புக் குச்சி கிழித்தார். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. உள்ளே வெடிமருந்து இருந்தால்? அன்று வெள்ளிக்கிழமை. மனைவி எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். வெந்நீர் அடுப்பு மூட்ட அந்த விறகைத்தான் இழுப்பாள். வேலையெல்லாம் முடித்துவிட்டு அவள் குளிக்கப் பன்னிரண்டு ஆகும். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மவுண்ட் ரோட்டில் எத்தனை வண்டிகளுக்குக் குறுக்கே புகுந்தேன் என்று தெரியாது. தேனாம்பேட்டை தாண்டுகிற வரையில் காதுக்குள் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெந்நீர் அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து இன்னொரு கட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தள்ளாத குறையாகப் புகுந்து, விறகுக்குப் பின்னால் கையை விட்டுத் துணிப் பொட்டலத்தை எடுத்தேன்.

"ஏன்னா, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா? என்னது அது?"

"பழைய இரும்பு."

"பழைய இரும்புக்கா இப்படி வேர்த்துக் கொட்டறது?"

பிரித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். தலையில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. பிறகு சொன்னாள்.

"தம்பி லெட்டர் போட்டிருக்கான். இப்பதான் தபால்காரன் குடுத்துட்டுப் போனான். நாளைக்குக் கார்த்தால வரானாம். நாலு நாள் இருப்பானாம்."

அவளுடைய தம்பி காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவன். கதர் கட்டிக்கொண்டு கடை வாசல்களில் மறியல் செய்கிறவர்களோடு சேர்ந்திருந்தான். கும்பகோணத்தில் ஒருமுறை பிடித்து எச்சரித்து விட்டிருந்தார்கள். அவன் வருகிற வீட்டில் போலீஸ் சோதனை போடலாம் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். அதற்குத் துணிந்துதான் வாடா என்று சொல்லியிருந்தோம்.

"மறியலுக்கு ஆறு மாசம் போடுவா. அவனும் சிரிச்சுண்டே போவான்" என்றாள். "இது இருக்கற ஆத்துல அவனைப் பிடிச்சா மறியல் கேஸா போடுவா? வெள்ளைக்காரனைச் சுடப் பார்த்தான்னு வேற கேஸ்னா போடுவா!"

நான் யோசித்ததெல்லாம் என் வேலையைப் பற்றி. அவள் சொன்ன பிறகுதான் அந்தப் பயத்துக்கு உண்மையான அளவு தெரிந்தது.

சனிக்கிழமை காலை மைத்துனன் வந்தான். இளைத்திருந்தான், ஆனால் நல்ல உற்சாகம். வாசல் அறையில் சேணங்களைப் பார்த்துவிட்டு, "அத்திம்பேர், வெள்ளைக்காரன் போகறச்சே இதையெல்லாம் உங்களுக்குத்தான் எழுதி வைக்கப் போறான்" என்று சிரித்தான். அவனுக்கு எதுவும் தெரியாமல் இருப்பதே நல்லதென்று நாங்கள் சொல்லவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும் நான் பொட்டலத்தோடு பாய் கடைக்குப் போனேன். குறைந்தபட்சம் உள்ளே மருந்து இருக்கிறதா என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

பாய் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு ஒரு கம்பியை எடுத்துக் குழலுக்குள் மெதுவாக விட்டார். பிறகு அதே கம்பியை வெளிப்பக்கமாக வைத்து அளந்தார்.

"கம்பி முழுசும் போவல ஐயரே. ஒரு வெரல் அளவு அடச்சிக்கினு கீது. துருவா, மருந்தா, அல்லாவுக்குத்தான் தெரியும்."

"பிரிச்சுப் பார்க்க முடியாதா?"

அவர் கம்பியைக் கீழே வைத்தார். ஐந்து வருஷமாக என்னோடு மணிக்கணக்கில் பேசியவர் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. "எம் புள்ளைங்க பின்னாடிதான் கீதுங்க. நீங்க இத எங்கிட்ட காட்டவே இல்ல. எடுத்துக்கினு போயிடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி தீர்மானமாகச் சொன்னாள்: "அடையாத்துப் பாலத்துலேருந்து போட்டுடுங்கோ. தண்ணியோட போகட்டும்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன்.

பாலத்தில் அவ்வளவு காலையில் அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பால்காரர்கள், கறிகாய்க் கூடைக்காரிகள், காற்று வாங்க வந்த இரண்டு வக்கீல்கள். சைக்கிள் செயினைச் சரி செய்கிறவன்போல உட்கார்ந்தேன். யாரோ ஒருவர் நல்ல மனசோடு நின்று உதவட்டுமா என்று கேட்டார். அவர் போனதும் எழுந்து, பொட்டலத்தைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி, கையை விட்டேன். கீழே பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த பிசகு. தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. சேற்றில் எதையோ அறைந்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

கடல் இறங்கியிருந்த நேரம். பாலத்துக்குக் கீழே பாதி ஆறு சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றில் முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் ஐயரே! உன் பொட்டலம் உழுந்துடுச்சு பாரு!"

நான் வாய் திறப்பதற்குள் அதை எடுத்துக்கொண்டு கரையேறி வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். ஆற்றோரக் குடிசைகளில் ஒன்றைச் சேர்ந்தவள். துணி அவிழ்ந்திருந்தது. குழலில் அப்பிய சேற்றை உதிர்க்கப் பாலத்துச் சுவரில் அதை ஒரு தட்டுத் தட்டினாள். குழலின் வாய் அவள் வயிற்றைப் பார்த்து இருந்தது.

"தட்டாதேம்மா!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாய்யா, கண்ணாடியா இது? இரும்புத் துண்டுதான கீது." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேணாம்னுதான் போட்டியா? வேணாம்னா நான் எடுத்துக்கறேன். வலையில கட்டுனா நல்லா அடியில நிக்கும்."

இதை எழுத இன்றும் கை கூசுகிறது. நான் "எடுத்துக்கோ" என்று சொன்னேன்.

அவள் அதை நண்டுக் கூடைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். நான் சைக்கிளில் ஏறினேன். மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. மயிலாப்பூர்ப் பக்கமாக நூறு கெஜம் போயிருப்பேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவள் அதை எங்கே வைப்பாள்? குடிசையில். யார் எடுத்து விளையாடுவார்கள்? வலையில் கட்டுவதற்காக அந்த விசையை எதைக் கொண்டு தட்டி வளைப்பாள்? ஒரு போலீஸ்காரன் கண்ணில் பட்டால், மாம்பலத்துக் குமாஸ்தா கொடுத்தார் என்று அவள் சொன்னால், யார் நம்புவார்கள்? நான் சைக்கிளைத் திருப்பினேன். பாலத்து முனையில் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சரிவில் விழுந்தடித்து இறங்கினேன்.

"அம்மா, அதைக் கொடுத்துடு. அது துப்பாக்கி."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். நண்டுகளுக்கு நடுவில் அது கிடந்தது. அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"துப்பாக்கியா? தெரிஞ்சேதான் எங்கிட்ட குடுத்தியா?"

நான் கையை நீட்டினேன்.

"போலீசு வந்தா உன்னியா புடிப்பான்? என்னியதான் புடிப்பான். எம் புருசனப் புடிப்பான். எடுத்துக்கினு போய்யா."

நானே கூடைக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு நண்டு விரலைக் கவ்வியது. அவள் சேற்றுத் தண்ணீரில் கையைக் கழுவினாள். நான் மேலே ஏறுகிற வரையில் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அங்கிருந்து நேராகச் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் மறுபடியும் நின்றுவிடுவேன். அவர் பனியனோடு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் துணியைப் பிரித்து ஸ்டூலில் வைத்ததும் பேப்பரை மடித்தார்.

"இது எங்கே கிடைச்சது?"

"ஏலத்துல எடுத்த சேணத்தோட உறைக்குள்ள இருந்தது."

"எப்போ பாத்தீங்க?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார். நடுவுல என்ன பண்ணீங்க?"

"பயந்துண்டு இருந்தேன்."

"அதை அப்படியே எழுதாதீங்க" என்றார். காகிதமும் பேனாவும் கொடுத்தார். ஏல விவரம், சேணங்களின் எண்ணிக்கை, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாயையும் நண்டுக்காரப் பெண்ணையும் எழுதவில்லை. அதை வாங்கி ஊதி உலர்த்திக்கொண்டே, ஏதோ மழையைப் பற்றிக் கேட்கிறவர்போலக் கேட்டார்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க போல? கதர்ச் சட்டை போட்ட பிள்ளை."

"என் மனைவியோட தம்பி."

"எத்தனை நாள் இருப்பார்?"

"நாலு நாள்" என்று சொல்லிவிட்டேன். வீதியைக் கடக்கும்போதுதான் என்ன சொன்னேன் என்பது எனக்குப் புரிந்தது.

மைத்துனனை அன்றே ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். துப்பாக்கியை ஒப்படைத்ததைச் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் பதிலையும் மட்டும் முழுங்கிவிட்டேன். "வந்து ரெண்டு நாள்கூட ஆகலை, எப்படிப் போடான்னு சொல்றது?" என்றாள். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை காப்பி வேளையில் வந்தார்கள். எதிர் வீட்டு சப்-இன்ஸ்பெக்டர் இல்லை. வேறு ஒரு இன்ஸ்பெக்டரும் நான்கு கான்ஸ்டபிள்களும். அடுக்களை முதல் கிணற்றடி வரை பார்த்தார்கள். மைத்துனன் பைக்குள் கையால் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் ஒரு கட்டு இருந்தது. அதை அவனே எடுத்துக் கொடுத்தான். கடைசியாக வாசல் அறைக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சேணங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அஞ்சு சேணம் இருக்கு. குதிரை எங்கே?"

"குதிரை இல்லை சார்."

"வித்துட்டீங்களா?"

"இருந்ததே இல்லை."

"குதிரைப்படை அதிகாரிங்க சாமான் அஞ்சு செட்டு. குதிரை கிடையாது." மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அப்போ எதுக்கு?"

சொன்னேன். அங்கவடி தேய்ந்த கதையைக்கூடச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு ஒரு கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவன் கரடித்தோல் மூடி போட்ட அந்தச் சேணத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து மெத்தையைக் கத்தியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீறினான். உள்ளேயிருந்த கம்பளிப் பஞ்சும் குதிரை மயிரும் தரையெல்லாம் கொட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை.

மைத்துனன் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வரேன் அக்கா, வரேன் அத்திம்பேர்" என்று சொல்லிப் புறப்பட்டான். அவனை ஏற்றிய போலீஸ் வண்டி வீதிமுனை திரும்பியது. நான் வாசல் அறையில் உட்கார்ந்து பஞ்சைக் கைகளால் கூட்டினேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

மனைவி நிலைப்படியில் நின்றாள். "அவனை இழுத்துண்டு போறா. நீங்க வைக்கோலுக்கு உக்காந்து அழறேளே!"

வைக்கோல் இல்லை, கம்பளிப் பஞ்சு என்று என் வாயில் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அவள் இன்னொன்றும் கேட்டாள்: "நீங்க போய்ச் சொன்னதாலதானே வந்தா?" தெரியவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் உண்மை முழுவதும் இல்லை.

மைத்துனனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. மறியலும் பிரசுரமும் மட்டும். வேறு கேஸ் இல்லை. எனக்கு ஆபீஸில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏழு வாரம் காத்திருந்தேன். தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் வாசலில் போய் நிற்பேன். சாப்பாட்டில் ருசி போயிற்று. மனைவி பேசினாள், ஆனால் தேவைக்கு மட்டும் பேசினாள். தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போகும்போது அவளே தன் பெரியப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் எதிர் வீட்டு சப்-இன்ஸ்பெக்டர் தாமே வந்து சொன்னார். என் மேல் நடவடிக்கை இல்லை. துப்பாக்கியை அழித்துவிட்டார்கள்.

"ஒண்ணு சொல்லணும் சார். உள்ளே மருந்தும் இருந்துச்சாம், குண்டும் இருந்துச்சாம். மருந்து கல்லாப் போயிருந்ததாம். வெடிச்சிருக்குமான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

அவர் போன பிறகு பாலத்துச் சுவரில் அதைத் தட்டிய நண்டுக்காரியின் கைதான் என் கண்ணில் நின்றது. அந்த வாரமே அடையாற்றுக்குப் போனேன். அவள் சேற்றில் இருந்தாள், கூட இன்னும் இரண்டு பெண்கள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? குண்டு இருந்தது என்றா? அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். குனிந்து வேலையைப் பார்த்தாள். நான் இறங்கவில்லை.

கிழிந்த சேணத்தைப் பாய் தைக்கமாட்டார். அவரைக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. கோணி ஊசியும் மெழுகு நூலும் வாங்கி நானே தைத்தேன். தையல் கோணலாக ஓடியது. பஞ்சு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தது. ஒரு வருஷம் கழித்து ஐந்து சேணங்களையும், இதே பைத்தியம் பிடித்த ஒரு ஜமீன் காரியஸ்தர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு நான் எதையும் சேர்க்கவில்லை.

மைத்துனன் விடுதலையானதும் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தான். பல் ஒன்று போயிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சொல்லிவிட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டது, நான் நாலு நாள் என்றது, எல்லாவற்றையும் அவன் அக்காள் காதிலும் விழும்படி சொன்னேன். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அவன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அத்திம்பேர், நான் எழும்பூர்ல இறங்கினப்பவே ஒருத்தன் பின்னாலேயே வந்தான். உங்க வாசல் வரைக்கும் வந்தான். நீங்க சொல்லித்தான் அவாளுக்குத் தெரியணுமா?"

அவன் அக்காள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள், எனக்கும் போட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு, போதுமா என்று கேட்டாள்.

எழும்பூரிலிருந்து ஒருவன் பின்தொடர்ந்தது நிஜமா, என் முகத்தைப் பார்த்து அந்த நிமிஷம் அவன் கட்டியதா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் நான் திரும்பக் கேட்கவில்லை.